இ-ரீடரா, டேப்லெட்டா? முதலில் கோப்பைப் பாருங்கள்

மின்நூல் படிப்பதற்கென்றே உள்ள இ-ரீடர் வாங்குவதா, டேப்லெட் வாங்குவதா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் படிக்கப்போகும் நூல்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன? ஸ்கேன் எடுத்த பிடிஎஃபா, எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும் இபப்பா, ஒரே ஒரு கடையின் செயலிக்குள் மட்டும் திறக்கும் பூட்டிய கோப்பா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் கருவி பற்றிய கேள்வியில் முக்கால்வாசி தீர்ந்தது. மின்வாசிப்பின் எதிர்காலம் என்று வரும் கட்டுரைகள் பெரும்பாலும் வண்ண மை, மடியும் திரை, மெலிந்த விளிம்பு என்று திரையையே சுற்றி வருகின்றன. எனக்கென்னவோ அடுத்த பத்தாண்டில் வாசகருக்குப் பெரிய மாற்றத்தைத் தரப்போவது கோப்புதான் என்று படுகிறது. திரை தன் எல்லையைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது.

2007 நவம்பரில் வந்த, அமேசானின் முதல் இ-ரீடரான கிண்டிலின் 6 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 167 புள்ளிகள். சாம்பல் நிறத்தில் 4 படிகள். 2014இல் கிண்டில் 300 புள்ளிகளுக்கு வந்துவிட்டது, சாம்பல் படிகள் 16 ஆகியிருந்தன. அதோடு சரி. எழுத்தின் கூர்மையில் அதற்குப் பிறகு சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை, தேவையும் இல்லை. 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் படிக்கும்போது சாதாரணக் கண் பிரித்தறியக்கூடிய எல்லை ஏறக்குறைய அதுதான். மிச்சமிருக்கும் குறை வெண்மை. நல்ல வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பும். இ-ரீடர்களில் உள்ள இ-இங்க் (மின்மை) திரை பாதிக்கும் குறைவாகவே அனுப்பும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் விளிம்பில் எல்இடி வைத்து, மேற்பரப்பில் ஒளியைப் பரப்பும் முன்விளக்கு. அதை எவ்வளவு வைப்பது என்று குழப்பம் இருந்தால், ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் திரை தாளாக இராது, விளக்காகிவிடும்.

துகள் நீந்தும் வேகம்

இ-இங்க் திரையின் தத்துவம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் பிறந்தது. 1997இல் அதற்கென இ இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2004இல் சோனி ஜப்பானில் வெளியிட்ட லிப்ரியே, அந்தத் திரையோடு விற்பனைக்கு வந்த முதல் வாசிப்புக் கருவி. அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை. மயிரிழைப் பருமனுள்ள நுண்குமிழ்கள். ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவம். அதில் வெள்ளைத் துகளுக்கு ஒரு மின்னேற்றம், கறுப்புத் துகளுக்கு அதற்கு எதிரானது. அடியிலுள்ள மின்முனையில் 15 வோல்ட் அளவுக்கு ஒரு பக்கமோ மறுபக்கமோ அழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள் போன இடத்திலேயே நிற்கும். பக்கம் திருப்பும்போது மட்டும் திரைக்கு மின்சாரம் போதும் என்பதன் காரணம் இதுதான்.

குறையும் இங்கிருந்தே வருகிறது. துகள் திரவத்துக்குள் உண்மையாகவே நீந்திப் போகவேண்டும். 16 சாம்பல் படிகளோடு திரை முழுவதையும் புதுப்பிக்க அரை நொடி அளவு ஆகும். அதுதான் பக்கம் ஒருமுறை கறுத்து வெளுப்பதுபோல் மினுக்குவது. கறுப்பு வெள்ளை மட்டும் போதும் என்றால் பத்தில் ஒரு நொடி அளவில் முடித்துவிடலாம். ஆனால் துகள்கள் அரைகுறையாக நகர்ந்து, முந்தைய பக்கத்தின் நிழல் தங்கும். ஆண்ட்ராய்டில் இயங்கும் இ-ரீடர்களில் 'வேக முறை' என்று காட்டுவது இதைத்தான். இணையப் பக்கம் உருட்ட அது நல்லது. நாவல் படிக்க வேண்டாம்.

அமைப்புகளில் 'முழுப் புதுப்பிப்பு எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை' என்று ஒரு தேர்வு இருக்கும். வெறும் எழுத்து நூலுக்கு அத்தியாயத்துக்கு ஒருமுறை போதும். படக்கதை, வரைபடம், அட்டவணை நிறைந்த நூலுக்கு ஒவ்வொரு பக்கமும் வையுங்கள். கறுப்புப் பின்னணியில் படித்துவிட்டு வெள்ளைக்குத் திரும்பும்போது ஒருமுறை கையால் முழுப் புதுப்பிப்பு செய்தால் அழுக்குப் படிந்ததுபோல் தெரிவது போய்விடும். குளிரில் கருவி மந்தமாவதும் நிழல் அதிகமாவதும் பழுது அல்ல. திரவம் கெட்டிப்படுகிறது, அவ்வளவுதான். உள்ளே வெப்பநிலை உணரி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் மின்துடிப்பின் நீளத்தைக் கருவி தேர்ந்தெடுக்கிறது. அறைச் சூட்டுக்கு வந்ததும் சரியாகிவிடும்.

வண்ணத்துக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளம்பரங்கள் விளக்குவதில்லை. கலைடோ வகை, பழைய கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் வண்ணக் கண்ணாடி விரித்ததுபோன்ற வடிகட்டியை ஒட்டியது. கலைடோ 3இல் கறுப்பு எழுத்துக்கு 300 புள்ளிகள், வண்ணத்துக்கு 150, மொத்தம் 4,096 நிறங்கள். வடிகட்டி ஒளியைத் தின்பதால் பின்னணி மங்கும், விளக்கை எப்போதும் கூடுதலாக வைக்க நேரும், பேட்டரியும் அதற்கேற்பக் குறையும். கேலரி வகையில் வடிகட்டி இல்லை. நீலம், செந்நீலம், மஞ்சள், வெள்ளை என்று துகள்களே நான்கு. நிறம் தாளில் அச்சிட்டதுபோல் அமரும். அதற்குக் கொடுக்கும் விலை நேரம்: கேலரி 3 அறிமுகமானபோது சொல்லப்பட்ட கணக்குப்படி கறுப்பு வெள்ளைக்கு 350 மில்லிநொடி, சிறந்த வண்ணத்துக்கு 1,500 மில்லிநொடி. பக்கத்துக்கு ஒன்றரை நொடி காத்திருப்பது ஓவியப் புத்தகத்துக்குச் சரி, அகராதி புரட்ட ஆகாது. என் தீர்ப்பு: படிப்பது பெரும்பாலும் எழுத்து என்றால் இன்னும் சில ஆண்டுகளுக்குக் கறுப்பு வெள்ளையே மேல். பல நிறத்தில் கோடிட்டுப் படிப்பவர்களும் பிள்ளைகளுக்குப் படக்கதை காட்டுபவர்களும் மட்டும் கலைடோவை யோசிக்கலாம்.

டேப்லெட் ஜெயிக்கும் இடம்

டேப்லெட்டைக் கண்ணுக்குக் கேடு என்று ஒரே வரியில் தள்ளுவது நியாயமில்லை. ஐபேட் மினியில் அங்குலத்துக்கு 326 புள்ளிகள். எழுத்தின் கூர்மையில் அது எந்த இ-ரீடருக்கும் இளைத்ததில்லை. தொல்லை வெளிச்சத்தில் இருக்கிறது, அதைவிட வெளிச்சத்தைக் குறைக்கும் முறையில் இருக்கிறது. பல ஓஎல்இடி திரைகள் மங்கலாக்குவதற்கு விளக்கை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. சிலருக்கு இதனால் தலைவலி வரும், சிலருக்கு ஒன்றும் தெரியாது. கைபேசிக் கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டித் திரையைப் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். அப்படி ஓடினால், திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்து, 'எக்ஸ்ட்ரா டிம்' போன்ற மென்பொருள் மங்கலையோ வாசிப்புச் செயலியின் சாம்பல் பின்னணியையோ பயன்படுத்துங்கள். விளக்கின் துடிப்பு குறைந்து, படம் மட்டும் மங்கும்.

தூக்கம் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2014இல் வந்தது. படுக்கும் முன் 4 மணி நேரம் ஐபேடில், முழு வெளிச்சத்தில் படித்தவர்களுக்குத் தூக்கம் வர அச்சு நூல் படித்தவர்களைவிட ஏறத்தாழ 10 நிமிடம் கூடுதலாக ஆனது. தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோன் சுரப்பும் குறைந்தது. கலந்துகொண்டவர்கள் 12 பேர். யாரும் அப்படி முழு வெளிச்சத்தில் நான்கு மணி நேரம் படிப்பதில்லை என்பதையும் சேர்த்தே அந்த முடிவை எடைபோட வேண்டும்.

டேப்லெட் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் பிடிஎஃப். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. 6 அங்குல இ-ரீடர் திரையின் அகலம் சுமார் 91 மி.மீ. பக்கம் முழுவதும் திரைக்குள் அடங்கினால் எழுத்து 43 விழுக்காடாகச் சுருங்கும்: தாளில் 11 புள்ளி (எழுத்தின் அளவைச் சொல்லும் 'பாயின்ட்') அளவில் இருந்தது 5 புள்ளிக்கும் கீழே. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் சீட்டின் எழுத்து அளவு. ஓரங்களை வெட்டிவிட்டு 160 மி.மீ. எழுத்துப் பரப்பை மட்டும் காட்டினாலும் 6 புள்ளிதான் தேறும். கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் அகலம் 122 மி.மீ. ஆகி 8 புள்ளியைத் தாண்டும். ஒரு பக்கத்தை இரண்டு மூன்று திரைகளாகப் படிக்கவேண்டி வரும், ஆனால் படிக்கலாம். 10.3 அங்குலத் திரையின் அகலம் 157 மி.மீ.; ஓரம் வெட்டினால் எழுத்து அசல் அளவுக்கே வந்துவிடுகிறது. ஆகவே ஸ்கேன் நூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் உங்கள் வாசிப்பில் பாதிக்கு மேல் என்றால் 10 அங்குலத்துக்குக் குறைந்த எதையும் வாங்காதீர்கள், அது இ-இங்க்காக இருந்தாலும் டேப்லெட்டாக இருந்தாலும்.

சின்னத் திரையே கையில் இருக்கிறதென்றால் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவசக் கருவி உண்டு. ஸ்கேன் பக்கத்தில் ஒவ்வொரு சொல்லையும் படத்துண்டாக வெட்டி, குறுகிய பக்கத்தில் மறுபடி அடுக்கிக் கொடுக்கும். இரண்டு பத்தி அமைப்புள்ள கட்டுரைகளுக்குப் பிரமாதம். பக்கம் கோணலாக ஸ்கேன் ஆகியிருந்தால் வரிகளைக் குழப்பிவிடும். முதலில் நேராக்கிவிட்டுக் கொடுக்கவேண்டும். அடிக்குறிப்பும் அட்டவணையும் நிறைந்த நூலில் அது தோற்கும், முயலவேண்டாம்.

இபப்பைத் திறந்து பார்த்தால்

இபப் கோப்பு ஒன்றின் பிரதியை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள நீட்சியை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது ஒரு சிறு இணையதளம். 'மைம்டைப்' என்று ஒற்றை வரிக் கோப்பு. 'மெட்டா-இன்ஃப்' அடைவுக்குள் 'கன்டெய்னர்' என்று ஒன்று, அது நூலின் தலைமைக் கோப்பு எங்கே என்று காட்டும். தலைமைக் கோப்பில் தலைப்பு, ஆசிரியர், மொழி, அத்தியாயங்களின் வரிசை. பிறகு அத்தியாயங்கள், படங்கள், எழுத்துருக்கள். பிழை ஒன்றைத் திருத்திவிட்டு அடைவை அப்படியே வலது கிளிக் செய்து ஜிப் ஆக்கினால் பல செயலிகள் அந்த நூலைத் திறக்க மறுக்கும். 'மைம்டைப்' கோப்பு ஜிப்புக்குள் முதலாவதாக, சுருக்கப்படாமல் இருந்தாகவேண்டும் என்பது விதி. சாதாரண ஜிப் கருவி அகரவரிசையில் எல்லாவற்றையும் சுருக்கிப் போட்டுவிடும். காலிபர், சிகில் என்ற இலவச மின்நூல் மென்பொருள்களில் உள்ள திருத்தியில் திறந்து மாற்றினால் இந்தத் தலைவலி இல்லை. முடித்ததும் இபப்செக் என்ற சோதனைக் கருவியில் ஒருமுறை ஓட்டுங்கள்.

இந்த வடிவத்தைக் கவனித்துவந்த ஐடிபிஎஃப் அமைப்பு 2017இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியோடு இணைந்தது, இபப் 3.3 என்ற பதிப்பு 2023 மே மாதம் வலைத்தரமாகவே ஏற்கப்பட்டது. அமேசான் 2022இல் தன் 'சென்ட் டு கிண்டில்' சேவையில் பழைய மோபி வடிவத்தைக் கைவிட்டு இபப்பை ஏற்கத் தொடங்கியது. வடிவச் சண்டை ஒருவழியாக ஓய்ந்துவிட்டது. அனுப்பும்போது பிழைச் செய்தி வந்தால் பெரும்பாலும் தலைமைக் கோப்பில் மொழி குறிக்கப்படாதிருக்கும், அல்லது அத்தியாயத்தில் மூடாத குறிச்சொல் இருக்கும். நூல் போய்ச் சேர்ந்து, தமிழுக்குப் பதிலாக மேலே புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்துக் குப்பை தெரிந்தால், அத்தியாயக் கோப்புகளின் முதல் வரியில் எழுத்துகள் எந்தக் குறியாக்கத்தில் உள்ளன என்று சொல்லும் யூடிஎஃப்-8 என்ற அறிவிப்பு விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்த்து மறுபடி அனுப்பினால் சரி.

தமிழுக்கென்று சில சிக்கல்கள் இருக்கின்றன. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அடுத்து கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னால் தூக்கி வைப்பது எழுத்து வடிவமைக்கும் மென்பொருளின் வேலை. அது சரியில்லாத செயலியில் கொம்பு தனியாக, புள்ளி வட்டத்தோடு தொங்கும். இப்போதைய செயலிகளில் இது அரிது. ஆனால் பிடிஎஃபில் இன்னும் கொடிகட்டிப் பறக்கிறது: அச்சுக்குப் போன பிடிஎஃப் பலவற்றில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிந்திருக்கும். பார்க்க அழகாக இருக்கும். தேடினால் ஒன்றும் அகப்படாது. அதைவிட மோசம், யூனிகோடு வருவதற்கு முந்தைய பாமினி, திஸ்கி காலத்து எழுத்துருக்களில் அடித்த நூல்கள். அவற்றின் உள்ளே இருப்பது ரோமன் எழுத்துதான், மேலே தமிழ் முகமூடி. சோதனை எளிது: ஒரு வரியைப் படியெடுத்துக் குறிப்புச் செயலியில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் அந்த நூலுக்கு எதிர்காலம் உண்டு. குப்பையாக வந்தால் எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடித்து, எழுத்துருமாற்றி மென்பொருள் ஒன்றின் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவரவேண்டும். அதுவும் ஆகாவிட்டால் பக்கங்களைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் செய்து, மெய்ப்புப் பார்க்கவேண்டியதுதான். ஓசிஆர் தமிழில் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள்: துணைக்காலும் ரகரமும், ணகர னகரக் குழப்பம், விட்டுப்போகும் புள்ளி. மெய்ப்பை இந்த மூன்றிலிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம்.

வரி அமைப்பிலும் தமிழ் இடறும். நம் சொற்கள் நீளம். 6 அங்குலத் திரையில் ஒரு வரிக்கு நாலைந்து சொல்தான் பிடிக்கும். இரு ஓரமும் நேராக நிற்கும்படி வைத்தால் சொற்களுக்கு நடுவே மாட்டுவண்டி போகும். இடப்பக்கம் மட்டும் நேராக வையுங்கள். நூலைத் தயாரிப்பவர் என்றால் மொழி தமிழ் என்று குறித்து, தானியங்கிச் சொல்பிரிப்பை இயக்கிவிடலாம். எல்லாச் செயலிகளும் அதை மதிப்பதில்லை என்பதால் சிலர் சொற்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக்குறிகளைத் தூவுகிறார்கள். பக்கம் அழகாகும், சில செயலிகளில் தேடல் செத்துப்போகும். வாசகருக்குப் போகும் பிரதியில் தூவலாம், பாதுகாக்கும் பிரதியில் கூடாது. வரி இடைவெளி எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் மேல்வரிக் கொக்கியும் கீழ்வரி விசிறியும் முட்டிக்கொள்ளா. எழுத்துருவைச் செயற்கையாகத் தடிமனாக்கும் வசதியைத் தமிழுக்கு அளவாகத்தான் கூட்டவேண்டும். ஒரு படி அதிகமானால் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நோட்டோ செரிஃப் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. நூலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் கருவியில் நல்ல எழுத்துரு இருக்கிறதா என்ற கவலை இல்லை.

அகராதி இன்னும் சரிவரவில்லை. 'மரத்திலிருந்து' என்ற சொல்லை அழுத்தினால் அகராதிக்கு ஒன்றும் தெரியாது. அதனிடம் இருப்பது 'மரம்'. ஆங்கில அகராதிகளில் ஒவ்வொரு சொல்லின் திரிபுகளையும் பட்டியலாகவே கோப்புக்குள் வைத்துவிடுகிறார்கள். தமிழ் வினைச்சொல் ஒன்றுக்குக் காலம், திணை, பால், எதிர்மறை, எச்சம் என்று திரிபுகள் பெருகிக்கொண்டே போகும்; பட்டியல் போட்டு மாளாது. சொல்லைப் பிரித்து வேரைக் கண்டுபிடிக்கும் சிறு மென்பொருள் கருவிக்குள்ளேயே ஓடவேண்டும். செயற்கை நுண்ணறிவு என்றதும் நூலைச் சுருக்கித் தருவது, நூலிடமே கேள்வி கேட்பது என்று பேசுகிறார்கள். தமிழ் வாசகருக்கு அதிலிருந்து முதலில் வரவேண்டியது இந்த வேர்ச்சொல் தேடல்தான். அதற்குப் பெரிய கணினியோ இணையமோ தேவைப்படாது. நூலைச் சுருக்கித் தந்து யாருக்கு என்ன லாபம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யாருடைய நூல்

2009 ஜூலையில் அமேசான், உரிமையில்லாத ஒருவர் பதிப்பித்துவிட்டார் என்ற காரணத்தால் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திரும்பி வந்தது. பிற்பாடு மன்னிப்பும் வந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாங்கிய நூல்கள் அனைத்தையும் செயலிழக்க வைத்தது. 2025 பிப்ரவரி 26 அன்று, வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியே ஏற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் நிறுத்தியது. நூலகங்களுக்கும் இதே நிலை: 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் ஒரு மின்நூல் உரிமத்துக்கு 26 இரவல் என்று வரம்பு வைத்தது, அது முடிந்ததும் நூலகம் மறுபடி வாங்கவேண்டும். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த சட்டம், இப்படி உரிமம் மட்டும் கொடுப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பொத்தான் வைக்கக்கூடாது என்கிறது. மற்ற இடங்களிலும் இது வரவேண்டும்.

நடைமுறையில் செய்யக்கூடியது இது. ஒரே நூல் இரண்டு கடைகளில் கிடைத்தால் பூட்டில்லாத கோப்பு தரும் கடையில் வாங்குங்கள். அந்தத் தகவல் நூலின் விவரப் பகுதியில் கீழே எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். அடோபி பூட்டுள்ள நூலை இறக்கும்போது கைக்கு வருவது சில கிலோபைட் அளவே உள்ள 'ஏசிஎஸ்எம்' கோப்பு. அது நூல் இல்லை, நூலைப் பெறுவதற்கான டோக்கன். அதையே பத்திரப்படுத்தி வைத்துவிட்டு, பிறகு எடுத்துப் பார்த்தால் காலாவதியாகியிருக்கும். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸில் உடனே திறந்து, உண்மையான இபப் இறங்கிவிட்டதா என்று அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். எழுத்து மட்டுமுள்ள நாவல் பொதுவாகச் சில நூறு கிலோபைட்டாவது இருக்கும்.

கோடிட்ட வரிகளும் குறிப்புகளும் நூலைவிட அருமையானவை. அவற்றைத்தான் எல்லாரும் தொலைக்கிறார்கள். கிண்டிலில் அவை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக, 'மை கிளிப்பிங்ஸ்' என்ற பெயரில் 'டாக்குமென்ட்ஸ்' அடைவில் சேரும். கோபோ நிறுவனத்தின் இ-ரீடர்களில் ஒரு மறைந்த அடைவுக்குள் எஸ்க்யூலைட் தரவுத்தளமாக இருக்கும். கருவியை யூஎஸ்பியில் மாட்டும்போதெல்லாம் அந்த ஒரு கோப்பைப் படியெடுத்துவிடுங்கள். பதிப்பாளர்கள் ஒரு நூலிலிருந்து இவ்வளவு விழுக்காடுதான் எடுக்கலாம் என்று வரம்பு வைப்பதுண்டு. வரம்பைத் தாண்டிக் கோடிட்டவை நூலுக்குள் தெரியும், வெளியே எடுத்த கோப்பில் இரா. நூலடுக்குக்கு 2006இலிருந்து வளர்ந்துவரும் காலிபர் போதும். அதன் அடைவை இரண்டு வெவ்வேறு வட்டில் வையுங்கள். இரண்டில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

திரையில் படித்தால் மனதில் நிற்காது என்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2000 முதல் 2017 வரையிலான 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த பகுப்பாய்வில் தாளுக்கு ஒரு சிறு முன்னிலை உண்மையாகவே தெரிந்தது. ஆனால் அது தகவல் கட்டுரைகளிலும், நேர நெருக்கடியோடு படிக்கும்போதும்தான். கதை படிப்பதில் இல்லை. கிண்டிலையும் அச்சு நூலையும் ஒப்பிட்ட 2019 ஆய்வொன்றில் பெரும்பாலான அளவுகோல்களில் வேறுபாடில்லை. நிகழ்வுகள் எந்த வரிசையில் நடந்தன என்று கேட்டபோது மட்டும் கிண்டில் வாசகர்கள் பின்தங்கினார்கள். நூலின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை விரல் உணராததுதான் காரணமாக இருக்கவேண்டும் என்பது என் ஊகம். பாடநூலைத் திரையில் படிப்பவர்கள் 'மீதி நேரம்' காட்டுவதை அணைத்துவிட்டு அத்தியாயப் பெயரும் பக்க எண்ணும் தெரியும்படி வைத்துக்கொள்வது கொஞ்சம் உதவும்.

ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் மின்நூல்களுக்கும் இ-ரீடர்களுக்கும் பொருந்துகிறது. படங்களுக்கு விளக்க உரை, முறையான தலைப்பு அடுக்கு, குரல் வாசிப்புக்கு ஏற்ற வரிசை ஆகியவை இனி பதிப்பாளரின் தாராள மனத்தைப் பொறுத்தவை அல்ல. பார்வையற்றோருக்காக வந்த இந்த ஒழுங்கு எல்லார்க்கும் பயன்படும்: பேருந்தில் செவிக்குக் கேட்டு, வீட்டில் விட்ட இடத்திலிருந்து கண்ணால் தொடர்வது நன்கு கட்டிய கோப்பில்தான் நடக்கும்.

பேட்டரி விஷயத்திலும் ஐரோப்பாதான் முந்துகிறது: 2027 பிப்ரவரி 18 முதல் அங்கு விற்கும் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்கவேண்டும் என்பது பொது விதி. கோபோ 2024இலேயே சில மாடல்களுக்கு பழுதுபார்ப்புத் தளமான ஐஃபிக்ஸிட் வழியாக உதிரிபாகமும் பழுதுபார்ப்பு வழிகாட்டியும் தருவதாக அறிவித்தது. இ-ரீடரில் முதலில் சாவது பேட்டரிதான், அதுவும் பெரும்பாலும் உபயோகிக்காமல் கிடந்து. முழுதாக வடிந்த நிலையில் மாதக்கணக்கில் மேசைக்குள் போட்டால் பிறகு சார்ஜ் ஏறாது; ஒதுக்கி வைக்கும்போது பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். புதுக் கருவியில் ஒரே மூச்சில் முந்நூறு நூல்களை ஏற்றினால் இரண்டே நாளில் பேட்டரி காலியாகும். ஒவ்வொரு நூலையும் தேடலுக்காக அது அட்டவணைப்படுத்திக்கொண்டிருக்கும். இருபது முப்பதாக ஏற்றி, சார்ஜரில் மாட்டி, இரவு முழுக்க விடுங்கள். அதன் பிறகும் சூடாகவே இருந்தால் ஏதோ ஒரு பழுதான கோப்பில் சிக்கியிருக்கிறது. நூலில் இல்லவே இல்லாத ஒரு சொல்லைத் தேடினால், இன்னும் அட்டவணையாகாத நூல்களைக் கிண்டில் காட்டும். அதில் பல நாளாக நகராமல் நிற்பதை நீக்கிவிட்டால் சரியாகும்.

வாங்கும் முன் சோதிக்க ஒரு சின்ன இபப் தயாரித்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கொ, கோ, கௌ, ணை, ஸ்ரீ, க்ஷ ஆகிய எழுத்துகள் ஒரு வரி, 'செய்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்' போல் நீண்ட சொற்கள் நிறைந்த ஒரு பத்தி, அடிக்குறிப்பு ஒன்று, ஏ4 பக்கப் படம் ஒன்று. எழுத்தை மூன்று படி பெரிதாக்கி நீண்ட சொல் ஓரத்தைத் தாண்டி வெட்டுப்படுகிறதா, அடிக்குறிப்பை அழுத்தினால் அதே பக்கத்தில் விரிகிறதா, படத்தைப் பெரிதாக்கி நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக யூஎஸ்பி கம்பியில் கணினியோடு இணையுங்கள். நூல்கள் உள்ள அடைவு கண்ணுக்குத் தெரிந்து, கோப்பை உள்ளே போடவும் வெளியே எடுக்கவும் முடிந்தால் வாங்கலாம். எல்லாவற்றுக்கும் கணக்கைத் தொடங்கி உள்நுழையச் சொன்னால், எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும் நான் அதை மேசையில் வைத்துவிட்டு அடுத்த கருவியைக் கேட்பேன்.